தூரத்திலிருந்து படம் போட்டுக் கொடுத்தல்: நன்னூல் வழி ஓர் ஆய்வு

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், மயிலாடுதுறையில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் தாயாருக்கு, பெங்களூரில் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் மகன், ஓடிடியில் ஒரு படம் போட்டுக் கொடுக்கும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று.

முன்னோர் இத்துறையைத் தொடவில்லை. படிக்கப் போகிறவன், போருக்குப் போகிறவன், தூது போகிறவன், பொருள் தேடப் போகிறவன் என்று பிரிவை வகை வகையாக அடுக்கிய தொல்காப்பியர், பிரிந்து போனவனுக்குப் போன் போட்டு "ரிமோட்ல எந்தப் பட்டன்?" என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டார். அந்தக் குறைக்கு நன்னூலாரே மருந்து. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் பாடம் சொல்பவனையும் கேட்பவனையும் பற்றி எழுதி வைத்தது ரிமோட்டுக்கும் பொருந்தும் என்பது இவ்வாய்வாளன் துணிபு. புள்ளிவிவரம் எதுவும் திரட்டப்படவில்லை. தரவுகள் அனைத்தும் பக்கத்து வீடுகளில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசப்பட்டவை. காதைப் பொத்திக்கொண்டாலும் கிடைத்திருக்கும்.

முதலில் வரலாறு. டெக் வாடகைக்கு எடுத்த காலத்தில், சைக்கிள் கேரியரில் அதை வைத்துக் கட்டிக்கொண்டு வந்த பையனே ஒயரை மாட்டுவான், டிவியைத் தட்டுவான், கோடு விழுந்தால் கேசட்டை எடுத்துத் துடைப்பான், முதல் பாட்டு முடியும்வரை வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுத்தான் போவான். 1993இல் சன் டிவி வந்த பிறகு அந்த இடம் கேபிள்காரருக்குப் போனது. மெகா தொடர் நேரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், ஸ்க்ரூ டிரைவரோடு அவர் மொட்டை மாடியில் இருப்பார். இருவருக்கும் பொதுப்பண்பு ஒன்று உண்டு. குறை சொன்னவர் பார்த்த திரையைத்தான் அவர்களும் பார்த்தார்கள்.

தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸ் 2007இல் இணையம் வழியே படம் காட்டத் தொடங்கியது. இங்கே 2015இல் ஹாட்ஸ்டார் பிறந்தது. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸே வந்து இறங்கியது. அந்த டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோ, மறு ஆண்டில் சன் நெக்ஸ்ட். 2020 மே மாதம், ஊரடங்கில், 'பொன்மகள் வந்தாள்' தியேட்டர் பக்கமே போகாமல் நேராக வீட்டுக்குள் நுழைந்தாள். அவள் வந்தாள், படம் போடும் பையன் வருவது நின்றது. அவன் வேலை மொத்தமும் மகன் தலையில் விடிந்தது. மகனுக்கோ அந்தப் பையனுக்கு இருந்த ஒரே வசதி இல்லை. விஷயம் தெரிந்தவன் முன்னால் திரை கிடையாது. திரை முன்னால் இருப்பவருக்கு விஷயம் தெரியாது. இவ்வாய்வின் மையம் இதுவே.

தரவு ஒன்றைக் காண்போம்.

"ஏம்ப்பா, வேலையா இருக்கியா?"

"சொல்லும்மா."

"ஒண்ணுமில்ல. டிவில எல்லாம் பொம்மைப் படமா வருது."

"எதைம்மா அமுக்கின?"

"நான் எதையும் அமுக்கல. அதுவா வந்துச்சு."

"நான் எதையும் அமுக்கல" என்பது இவ்வகை இலக்கியத்தின் காப்புச் செய்யுள். இது இல்லாமல் எந்த அழைப்பும் தொடங்குவதில்லை. மகன் இதை நம்புவதில்லை, ஆய்வாளன் நம்புகிறான். செயலியைத் திறந்ததும் 'யார் பார்க்கிறீர்கள்' என்று முகங்கள் வரிசையாக நிற்கும். மே மாத லீவுக்கு வந்த பேரனுக்காக யாரோ ஒரு குழந்தை முகத்தை அங்கே சேர்த்துவிட்டுப் போயிருப்பார்கள். தாயார் ஓகே கொடுத்த நேரத்தில் கட்டம் அந்த முகத்தின்மேல் நின்றிருக்கும். அவ்வளவுதான், சிவாஜியும் இல்லை, ஜெமினியும் இல்லை, தேடினாலும் கிடைக்கமாட்டார்கள். ஓகே கொடுத்தது அமுக்கியது ஆகாதா எனின், ஆகாது. அது சம்மதம். கேட்டார்கள், சரி என்றார்.

"மேல பாரு, மூஞ்சி மாதிரி ஒண்ணு இருக்கா?"

"மேலயா? மேல கடிகாரம்தான் இருக்கு."

"செவுத்துல இல்லம்மா, டிவிக்குள்ள!"

"டிவிக்குள்ள கரடி இருக்கு."

இந்த இடத்தில் பெங்களூர்த் தரப்பில் குரல் உயர்வதும், மீட்டிங்கில் மைக்கை அணைக்க மறந்திருந்ததும், அவனுடைய மேனேஜர் "வாட் கரடி?" என்றதும் ஆய்வெல்லைக்கு வெளியே உள்ளவை.

இனி வகைப்பாடு. நல்லாசிரியன் யார் என்று சொன்னதோடு நிற்காமல், ஆசிரியன் ஆகத்தகாதவன் யார் என்றும் நன்னூலார் நான்கு உவமை தருகிறார். நான்கும் மகன்களே.

முதலாமவன் கழற்குடம். கழற்காய்களைப் போட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் காய் வராது. இவன் பேச்சும் அப்படி. "ஓகே குடு. இரு இரு, அதுக்கு முன்னாடி ஹோம் போகணும். வைஃபை இருக்கா? சரி, முதல்ல டிவி ஆன்ல இருக்கா?" இரண்டாமவன் மடற்பனை. தானாக விழுந்தால் பழம் உண்டு, ஏறிப் பறிக்கவிடமாட்டான். "நீ எதையும் தொடாத, பொங்கலுக்கு வரும்போது நான் பாத்துக்கறேன்." மூன்றாமவன் பருத்திக் குண்டிகை. பஞ்சை எப்படித் திணித்தார்களோ அப்படியேதான் இழுத்தெடுக்கவும் வேண்டும்; வாட்ஸ்அப்பில் சிவப்பு வட்டம் போட்ட படம் ஒன்று காலையில் வரும், அடுத்த வட்டம் சாயங்காலம் வரும்.

நான்காவதான முடத்தெங்கு சற்று நின்று பார்க்க வேண்டியது. தண்ணீர் ஊற்றுவது ஒருவர், வளைந்த தென்னை காயைப் போடுவது அடுத்தவர் தோட்டத்தில். மகன் பார்ப்பதே சாஃப்ட்வேர் சப்போர்ட் வேலைதான். அமெரிக்காவில் முன்பின் தெரியாத ஒருவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டால், நம்மூர் நள்ளிரவில், தேன் ஒழுகும் குரலில், "பரவாயில்லை, நிதானமாக முயன்று பாருங்கள், நான் இருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்கிறவன் அவன். பால் வாங்கி, பீஸ் கட்டி, டிபன் பாக்ஸ் கட்டி அனுப்பியவர் அதே கேள்வியைக் கேட்டால் மட்டும் "எத்தனை தடவைம்மா சொல்றது?" என்கிறான். எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐடி துறையைத் தென்னைமரத்தில் கண்டவர் பவணந்தியார்.

கேட்பவரையும் அன்னம் முதல் பன்னாடை வரை நன்னூல் தரம் பிரிக்கிறது. அதைத் தாயார்மேல் ஏற்ற இவ்வாய்வாளனுக்குத் துணிவில்லை; இரவுச் சாப்பாடு வீட்டில்தான். தந்தையார்மேல் ஏற்றலாம். ஒரு செடியில் ஒரு வாய், அடுத்த செடியில் ஒரு வாய் என்று மேய்ந்துகொண்டே போகும் ஆடு அவர். எந்தப் படத்தையும் போடமாட்டார். கட்டத்தின்மேல் நின்றால் தானாக ஓடும் முன்னோட்டங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் சரியில்ல" என்று படுக்கப் போய்விடுவார். இதுவரை யாரிடமும் உதவி கேட்டதில்லை.

அடுத்து, கடவுச்சொல்லை ஊட்டுதல். இது ரிமோட்டின் அம்புக்குறிகளால், திரையில் தெரியும் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக நகர்ந்து பிடிக்கும் கலை. சில செயலிகளில் எழுத்துகள் வரிசைக்கு ஆறாக நிற்கும். சிலவற்றில் போனில் உள்ள வரிசை. அடித்த எழுத்து மறுநொடியே புள்ளியாகிவிடும் என்பதால், அடித்தது எது என்பது இறைவனுக்கே வெளிச்சம். ஆனால் இதைவிடப் பெரிய இடர் வேறு. இந்தக் கணக்கைத் திறந்தபோது மகன் கல்லூரியில் இருந்தான்.

"அடிம்மா. பி. ஆர். ஐ. ஒய். ஏ."

"பி... ஆர்... ஐ... பிரியாவா? யாருப்பா அது?"

"பாஸ்வேர்டும்மா."

"பாஸ்வேர்டு சரி. யாரு?"

"அப்புறம் ஒண்ணு, நாலு, மூணு."

எதிர்முனையில் சற்று நேரம் அம்புக்குறி நகரவில்லை. அந்த மூன்று எண்களின் பொருள் தாயாருக்கு எட்டாது என்று அவன் நினைத்திருக்கலாம். தொண்ணூறுகளின் காதல் படங்கள் அத்தனையும் தியேட்டரில் பார்த்தவர் அவர்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் ஓடிபி வைத்தார்கள் போலும். அதில் தாயார் கட்சியில்தான் ஆய்வாளன் நிற்கிறான். யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வங்கியும் ரிசர்வ் வங்கியும் ஆண்டுக்கணக்கில் தலைதலையாக அடித்துக்கொண்டது வீண்போகவில்லை.

"உன் போனுக்கு ஒரு நம்பர் வந்துருக்கும், சொல்லும்மா."

"வந்துருக்கு. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு போட்டுருக்கே."

"நான்தானேம்மா கேக்கறேன்!"

"இப்பல்லாம் குரலையே மாத்திப் பேசறாங்களாம். நம்ம பழைய வீட்டுல கிணறு எந்தப் பக்கம் இருந்துச்சு, சொல்லு."

கொல்லைப் பக்கம் இடதுகை ஓரம் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. ஆனால் பாதுகாப்பில் ஓட்டை இல்லை என்பது நிறுவப்பட்டது. 2021 அக்டோபர் 1 முதல் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கி கடும் விதி கொண்டுவந்து, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்றபோது, பல வீடுகளில் சந்தா அறுந்து நாயகி பாதிப் பாட்டில் நின்றுபோனாள். அப்போதும் திட்டு வாங்கியது ரிசர்வ் வங்கி அல்ல, மகன்.

தேடுதலில் வரும் சிக்கல் பதிப்பாசிரியர்களுக்குப் பழக்கமானது. 1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' ஒன்றுதான். அதை ஆங்கில எழுத்தில் தேடப் புகுந்தால் முதல் எழுத்துக்குப் பின் ஹெச் உண்டா, எல் ஒன்றா இரண்டா, கடைசி எல்லுக்கு முன் ஏ ஒன்றா இரண்டா என்று பாடபேதம் பெருகுகிறது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டுப் பட்ட பாட்டில் ஒரு பங்கைத் தாயார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படுகிறார், அதுவும் அம்புக்குறியை வைத்துக்கொண்டு. ரிமோட்டில் மைக் பட்டன் இருக்கிறதே எனின், இருக்கிறது. "தில்லானா" என்றதற்கு அது டெல்லி வானிலை சொன்னது. எல்லாம் சரியாக அமைந்த நாளில், ஒளிபரப்பு உரிமை முடிந்து படம் வேறு கடைக்குப் போயிருக்கும்.

பெரியவர்கள் பெயரைப் படித்து வழி கண்டுபிடிப்பதில்லை. நிறமும் இடமும்தான் அவர்களுக்கு வழி. "நீலக் கட்டத்துலேர்ந்து ரெண்டு தள்ளி" என்பதே முகவரி. இந்த உண்மை கம்பெனிகளுக்குத் தெரியாது. 2015இல் ஹாட்ஸ்டார், 2020 ஏப்ரலில் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார், 2025 பிப்ரவரி 14இல் ஜியோ ஹாட்ஸ்டார். உலகம் அன்று காதலர் தினம் கொண்டாடியது. மயிலாடுதுறையில் "நம்ம சின்னத்தைக் காணோம்ப்பா" என்று போன் வந்தது.

கம்பெனியின் உதவிப் பக்கம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லா நோய்க்கும் அணைத்துப் போடு என்கிறது. கேலி செய்தாலும் அது நல்ல மருந்துதான், அனுபானம் தெரிந்தால். ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்குகிறதே தவிர அணைவதில்லை; அந்தச் சிவப்பு விளக்கு அதன் குறட்டை. பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டால்தான் உள்ளே சிக்கிக் கிடந்தது கலையும். படம் மங்கினால் நெட் மேல் பழி போடுவதும் அவசரம். முழு எச்டி படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. வீட்டு இணைப்பு அதைப் போல் பல மடங்கு. ஆனால் மோடம் பூஜை அறை அலமாரியில், பிள்ளையாருக்குப் பின்னால் இருக்கிறது. நடுவில் தாத்தா காலத்து ஒன்றரை அடிச் சுவர்.

எனவே தூரத்து உதவியால் பயனே இல்லையா எனின், உண்டு; கால் பங்கு. ஆசிரியன் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் கூறுதான் தேறும், கூடப் படிப்பவரோடு பழகினால் இன்னொரு கால், மீதி அரை பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் வரும் என்பது நன்னூல் கணக்கு. மகன் அந்தக் கால் பங்கையே முழுமை என்று எண்ணித்தான் எரிச்சல் படுகிறான். இக்கணக்கின் பின்பாதி மெய்ப்பட்ட இடம் எதிர்வீட்டுத் திண்ணை. புது டிவி வாங்கிய எதிர்வீட்டு அக்காவுக்குத் தாயார் சொன்ன பாடம் வருமாறு:

"போட்டதும் மூஞ்சியா நாலு வரும். கண்ணாடி போட்டது நம்மளது. கரடி மூஞ்சி பேரனோடது, அதுல போயிடாதீங்க, அப்புறம் சினிமாவே வராது. தெலுங்குல பேசுச்சுன்னா கீழ் அம்பை ஒரு தட்டு, பேச்சுக் கட்டம் மாதிரி ஒண்ணு தெரியும், அதுல தமிழ் இருக்கும். வட்டம் சுத்துச்சுன்னா எதையும் தொடாதீங்க. ஒரு காப்பி போட்டு எடுத்துட்டு வாங்க, வந்துடும்."

இதில் ஓர் ஆங்கிலக் கலைச்சொல் இல்லை; வரிசை பிறழவில்லை; சொன்னவரும் கேட்டவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'காதலிக்க நேரமில்லை' அன்றைக்கே ஓடியது. இப்பாடம் இப்போது வாய்மொழியாகவே அடுத்த தெரு வரை பரவியிருக்கிறது. ஆய்வாளன் ஒப்புநோக்கிய வரையில் பாடபேதம் ஒன்றே ஒன்றுதான்: அங்கே காப்பி, டீ ஆகிவிட்டது.