சக முதலாளிக்கு ஒரு கடிதம்

உல்லாசக் கப்பல் கம்பெனியாருக்கு,

ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை நடத்துபவன் நான். லீவு கிடைத்தால் சிங்கப்பூர் போய் உங்கள் கப்பலில் ஏறிவிடுவேன். அதை மெச்சித் தங்க நிற அட்டைகூடத் தந்திருக்கிறீர்கள். நானும் என்னை வாடிக்கையாளன் என்றே நினைத்திருந்தேன். கடைசி நாள் பில்லைப் படித்த பிறகுதான் தெரிந்தது, நானும் அங்கே ஒரு முதலாளி என்று.

தலைக்கு, நாளொன்றுக்கு இத்தனை டாலர் டிப்ஸ். பெரிய கப்பல்களில் இப்போது 16 முதல் 20 வரை ஓடுகிறது. கேட்காமலே கணக்கில் ஏறிவிடும். நம்மூர்க் கரையில் இந்த வித்தை செல்லாது. ஓட்டல் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாதென்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தி.நகரில் இரண்டு இட்லிக்கு உள்ள பாதுகாப்பு, நடுக்கடலில் இரண்டு லட்ச ரூபாய் டிக்கெட்டுக்கு இல்லை.

வேட்டிக்கும் இதே கதிதான். 2014இல் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில் வேட்டி கட்டி வந்த நீதிபதியையே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே சட்டசபை சட்டம் போட்டது: வேட்டியைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். உங்கள் 'ஃபார்மல் நைட்' வாசலில் என் மயில்கண் வேட்டியை மேலும் கீழும் பார்த்தவரிடம் இதை எடுத்துச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கப்பலில் பறந்த பஹாமாஸ் கொடியைக் காட்டினார்.

போகட்டும். ரசம் கேட்டால் தக்காளி சூப்பில் மிளகு தூவி நீட்டுவதையும் மன்னித்தேன். பருப்புப்பொடி டப்பா கைவசம் இருக்கிறது. விடியுமுன் நீச்சல்குளத்து நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வெள்ளைக்காரர்கள் மீதும் புகார் இல்லை. மாநகரப் பேருந்தில் பழகியவனுக்கு அவர்கள் கற்றுக்குட்டிகள்.

விஷயம் என் அறையைப் பெருக்கி, துண்டிலேயே யானை மடித்துவைக்கும் தம்பியைப் பற்றியது. டிப்ஸை நீக்கச் சொல்லி வரிசையில் நின்றவர்களிடம், “அவர் வருமானமே இதுதான் சார்” என்றார் உங்கள் வரவேற்பு மேசைக்காரர். வரிசை பாதியாகக் கரைந்தது. நல்லது. சம்பளம் தருவது நான்தான் என்றால் வருகைப் பதிவேட்டை எனக்கு அனுப்புங்கள். காலையிலும் அவர்தான், ராத்திரியிலும் அவர்தான். 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு தரச் சொல்கிறது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. அதை எப்போது எடுக்கிறார் என்று முதலாளிக்குத் தெரிய வேண்டாமா? எங்கள் பட்டறை வழக்கப்படி 8.33 சதவீத போனஸ், ஆயுத பூஜைக்குப் பொரி, தீபாவளிக்கு லீவு எல்லாம் உண்டு. எட்டு மாத ஒப்பந்தத்தில் ஒரு முழுநாள் லீவுகூட இல்லையாமே, அதைக் கேட்டு எங்கள் ஃபிட்டர் சிரிக்கிறார்.

இந்தக் கூலியை டிக்கெட்டிலேயே சேர்த்தால் என்ன என்று கேட்க மாட்டேன். விளம்பரத்தில் விலை பெரிதாகத் தெரியும். தொழில் நுணுக்கம் எனக்கும் புரியும். கூலியில் பங்கு கொடுத்த எனக்கு லாபத்திலும் பங்கு கொடுத்துவிடுங்கள், போதும். கேசினோவிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் பங்காளி,
ஈக்காட்டுத்தாங்கல், சென்னை.

பி.கு.: பங்குத்தொகையில் 18 சதவீதத்தைச் சேவைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.