நைட்டியும் துண்டும்: சுருளிப்பட்டிக் கர்ப்பகால உடையியல் குறித்து ஒரு முன்னாய்வு

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் தமிழ் எழுத்தின் வயதையே பின்னுக்குத் தள்ளிவிட்டன என்பாருண்டு. மாடு பிடிக்கப் போன சண்டையில் மாண்டவனுக்கு இந்த மாவட்டத்தில் அன்றே கல் நட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். இதே மாவட்டத்துச் சுருளிப்பட்டியின் பன்னீர் திராட்சைக்கும் குறையில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பேரில் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. ஆனால் அந்தத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஏழு மாத வயிற்றோடு நின்று குலை வெட்டுகிறாளே புள்ளத்தாச்சி, அவள் உடம்பில் கிடக்கும் துணி எங்கிருந்து வந்தது, யார் காசு என்று எழுத ஆள் இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு. ஆய்வாளர் ஆண் என்பதால் சில தரவுகள் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன.

முதலில் உலக வரலாறு. 1904 வாக்கில் நியூயார்க்கில் லீனா பிரையன்ட் என்ற தையல்காரப் பெண், ஒரு கர்ப்பிணி வாடிக்கையாளருக்காக இடுப்பில் எலாஸ்டிக் வைத்து ஓர் உடை தைத்துக் கொடுத்தார். நல்ல யோசனை. ஆனால் கர்ப்பம் என்பது அச்சில் வரக்கூடாத சமாசாரம் என்று பத்திரிகைகள் அதற்கு விளம்பரம் போட மறுத்தன. 1911-ல்தான் நியூயார்க் ஹெரால்ட் இசைந்தது. மறுநாளே கடையில் சரக்கு தீர்ந்துபோனதாகச் சொல்வார்கள். மேலை உலகம் அதை ஒரு கண்டுபிடிப்பாக இன்றுவரை கொண்டாடுகிறது.

இந்த எலாஸ்டிக்கின் வேலையை இங்கே நாடா பார்க்கிறது. உள்பாவாடை நாடாவுக்கு அளவு எண் கிடையாது. மூன்றாம் மாதம் இடுப்பில் இருந்த முடிச்சு ஐந்தாம் மாதம் தொப்புளுக்கு மேலே ஏறும். எட்டாம் மாதம் வயிற்றுக்குக் கீழே இறங்கிவிடும். புடவையும் அப்படித்தான். ஐந்தரை மீட்டர் என்பது மாறாது, வயிறு மட்டுமே மாறும். ஆகவே வயிறு ஏற ஏறக் கொசுவம் குறையும். இதனை ‘கொசுவத்தின் எதிர்விகித விதி’ என அழைக்கலாம். ஏழு மடிப்பு ஐந்தாகி, ஐந்து மூன்றாகும்போது நாள் நெருங்கிவிட்டது என்று கொள்க. ஸ்கேன் எடுக்கப் பஸ் ஏறுமுன்பே அப்பத்தாக்கள் தேதி சொல்லிவிடுவது இதை வைத்துத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சிக்கல் ஜாக்கெட்டில்தான். புடவையும் பாவாடையும் விட்டுக்கொடுக்கும், ஜாக்கெட் கொடுக்காது. அதனால் ஊர் டெய்லர்கள் பக்கவாட்டில் துணியை நிறைய விட்டு, உள்ளே வரிசையாக மூன்று தையல் போட்டு வைக்கிறார்கள். மாதம் ஏற ஏற ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவார்கள். அப்படிப் பிரித்த ஒரு பச்சை ஜாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெயிலும் சோப்பும் பட்ட பகுதி வெளிறி, முதல் தையல் காத்த பட்டை கொஞ்சம் அடர்ந்து, கடைசித் தையலுக்குள் இருந்தது கடையில் வாங்கிய அன்றைய பச்சையாகவே இருந்தது. ஓரமெல்லாம் ஊசி ஓட்டைகள். கீழடியில் மண்ணடுக்கை வைத்துக் காலம் சொல்வதுபோல இங்கே எத்தனையாவது பிள்ளை என்று சொல்லிவிடலாம். மூன்றாவது பிரசவத்துக்குப் பிரிக்க ஒன்றும் மிச்சமில்லை. அக்குளில் வேறு துணி கொடுத்து ஒட்டுப் போட்டிருந்தது.

வேலைக்குப் போகிறவர்களின் உடை தனி இயல். தோட்டத்துக்கும் மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டுக்கும் போகிற பெண்கள் சேலைக்கு மேலே புருசனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். வெயில், பூச்சி, மருந்து மூன்றுக்கும் அதுவே காப்பு. வயிறு வந்துவிட்டால் ஜீப்பில் மலையேறுவது நிற்கும். பந்தல் வேலை அவ்வளவு சீக்கிரம் நிற்காது, ஏனென்றால் இங்கே திராட்சைக்கு ஒரே பருவம் என்று கிடையாது. ஒரு தோட்டத்தில் கவாத்து நடந்தால் அடுத்த தோட்டத்தில் அறுப்பு. வயிற்றைப் பார்த்துக் கொடி காத்திருக்காது. சட்டையில் கீழ்ப் பட்டனிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து விடுவது மரபு. செலவு பூஜ்யம். “மாசமா இருக்கயில போட்ட சட்டைய அதுக்குப் பெறகு அவரு தொடவே இல்ல தம்பி. பட்டன் வீட்ட வேற நான் பிச்சுப்புட்டேன்” என்றார் ஓர் அக்கா. புருசன்மார் இத்துறைக்குச் செய்த ஒரே முதலீடாக இதைப் பதிவு செய்கிறேன்.

இனி நைட்டி. தைத்த புடவை என்று இதைச் சொல்லலாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை எங்கும் இடுப்பு என்று ஒன்றை ஒப்புக்கொள்ளாத ஒரே உடை இது. அதுவே இதன் மேதைமை. விவரம் தெரிந்தவர்கள் ஆரம்பத்திலேயே இரு பக்கமும் ஜிப் வைத்த பால் கொடுக்கும் நைட்டியாகப் பார்த்துத் தேர்ந்துவிடுகிறார்கள். பிள்ளை பிறந்த பிறகும் ஒரு வருடம் ஓடும். ஆந்திரத்தில் மேற்கு கோதாவரி மாவட்டத்து டோகலபல்லியில் 2018-ல் ஊர்ப் பெரியவர்கள் கூடி, காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை நைட்டி கூடாது, மீறினால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக் கொடுத்தால் 1,000 ரூபாய் சன்மானம் என்று தீர்ப்பெழுதினார்கள். நம் பக்கத்தில் அந்த வழக்கைத் துண்டு தீர்த்து வைத்துவிட்டது. தோளில் ஒரு துண்டைப் போட்டால் நைட்டி தெருவுக்கான உடை; எடுத்தால் வீட்டுக்கான உடை.

அரசு இந்தத் துண்டுக் கோட்பாட்டை அறிந்திருந்ததா என்பது ஆய்வுக்குரியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று ஏறியது. அதில் 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள்: சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சை, நெய், பிஸ்கட், பூச்சி மாத்திரை, கூடவே ஒரு பருத்தித் துண்டு. சாப்பிடுகிற சாமான்களுக்கு நடுவே துண்டுக்கு என்ன வேலை என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. அது போய்ச் சேர்ந்த இடம் மட்டும் எனக்குத் தெரியும்.

ஊரார் காசு போட்டுப் புதிதாக வாங்குவது ஒன்றே ஒன்றைத்தான்: வளைகாப்புப் பட்டு. கர்ப்பம் முழுவதற்குமான துணிச்செலவு அந்த ஒரு காலை நேரத்தில் போய் விழுகிறது. கனம், ஜரிகை குத்தும், வியர்த்தால் ஒட்டும். சந்தனம் பூசி வளையல் அடுக்கி முடிந்ததும் அவிழ்த்து நைட்டிக்கு மாறினால்தான் மூச்சு வரும். அந்தக் காசில் பாதிக்கு நாலு சுங்குடிச் சேலை வரும். சின்னாளபட்டி பக்கம்தான் இருக்கிறது. இதைச் சொன்னதற்கு என் அம்மா என்னை முறைத்தார். போட்டோ எடுப்பது சுங்குடியிலா என்று கேட்டார். கேள்வி நியாயமானது என்பதால் இப்பகுதியைச் சுருக்குகிறேன்.

மிச்சமெல்லாம் வாங்குவதில்லை, வந்து சேர்வது. யார் முழுகாமல் இருக்கிறார் என்று தெரிந்த வாரத்திலேயே பழந்துணிப் பை வந்துவிடும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகையில் பையும் போகும், பிறகு அடுத்தவளுக்கு. பழந்துணி கொடுத்தாள் என்ற பேச்சு இதில் மட்டும் எழாது. அப்படிச் சுற்றிவரும் ஒரு நைட்டியை இறுதியாக ஆராய்ந்தேன். ஊதாவில் மஞ்சள் பூ. இடது ஜிப் போய் இரண்டு ஊக்கு. கீழ் ஓரத்தில் முன்பு போட்டவர்களின் உயரத்துக்கு ஏற்ப மடித்துத் தைத்துப் பிரித்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. ஏட்டுச் சுவடியில் பாடபேதம் பார்க்கும் கவனத்தோடு அதன் மூலப்பிரதியைத் தேடினேன். வைத்திருந்தவர் தன் மதினி கொடுத்தது என்றார். மதினி, கூடலூர்ச் சின்னம்மா மகள் கொடுத்தது என்றார். அவரோ, “நான் எங்க வாங்குனேன்? எங்க நாத்தனா விட்டுட்டுப் போனது” என்று சாதித்தார். நாத்தனார் திருப்பூரில் இருப்பதாகத் தெரிந்து போன் போட்டேன். நைட்டியின் நிறத்தைச் சொன்னதுமே அடையாளம் கண்டுகொண்டார். யார் வாங்கியது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

“அது இன்னும் இருக்கா? இருந்தா பஸ்ல குடுத்துவிடச் சொல்லுங்கண்ணே. எனக்கு இப்ப அஞ்சு மாசம்.”