வைதலும் வாங்கலும்: தொடர் கேம்கள் குறித்த ஓர் இலக்கண ஆய்வு

வீடியோ கேம் ஆடுவோர் பெரிய கேம் நிறுவனங்களை ஏன் வைகிறார்கள் என்ற வினாவை இலக்கண ஆசிரியர் எவரும் இதுவரை கையில் எடுக்கவில்லை. பவணந்தி முனிவர் காலத்தில் பிளேஸ்டேஷன் இல்லாதது ஒரு காரணமாகலாம். ஆனாலும் நூலை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்து, நூலுக்கு ஆகாத குற்றங்களைப் பத்தாக வரையறுத்து அவர் நன்னூலில் விட்டுச்சென்ற கருவிகள் இத்துறைக்கு அச்சொட்டாகப் பொருந்துகின்றன. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் போக்கை அவர் முன்கூட்டியே ஊகித்திருந்தாரோ என்ற ஐயம் எழுவது இயல்பு. அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

முதலில் வகை. 1993இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஃபிஃபா கால்பந்து கேம் முதல்நூல். 2022இல் வந்த ஃபிஃபா 23 வரை ஆண்டுதோறும் தொடர்ந்தவை வழிநூல்கள். முன்னவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு தனக்கு வேண்டிய சில வேறுபாடுகளைச் சேர்ப்பது வழிநூலின் இயல்பு. இங்கே அந்த வேறுபாடு, யார் எந்த அணிக்கு மாறினார், சட்டையில் எந்தக் கோடு நகர்ந்தது என்ற அளவில் நின்றுவிடுகிறது என்பதே வைவோர் கட்சி. கால்பந்துக் கூட்டமைப்போடு இருந்த பெயர் உரிமம் முறிந்ததும் 2023இல் அதே நூல் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24 ஆனது. முப்பதாண்டுப் பெயரை விட்டார்கள், வரிசை எண்ணை விடவில்லை.

ஆய்வாளன் உண்மையில் திணறுவது இந்த எண்களிடம்தான். பேட்டில்ஃபீல்டு என்னும் போர் கேமில் 2013இல் வந்தது 4. அடுத்த எண்ணாக 2016இல் வந்தது 1. முதல் உலகப்போரைப் பற்றியது, ஆகவே 1 என்று அமைதி காணலாம். அப்படியானால் இரண்டாம் உலகப்போரைப் பற்றி 2018இல் வந்ததற்கு 2 என்றல்லவா பெயர் இருக்க வேண்டும்? இல்லை, 5. அதுவும் ரோமன் எழுத்தில். 2 என்பது 2005லேயே இக்காலப் போர் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. ஆக்டிவிஷன் வெளியிடும் போர் கேமான கால் ஆஃப் டூட்டி இன்னும் நுட்பமானது. 2009இல் வந்த மாடர்ன் வார்ஃபேர் இரண்டுக்கும் 2022இல் வந்த மாடர்ன் வார்ஃபேர் இரண்டுக்கும் வேறுபாடு, முன்னது சாதாரண எண், பின்னது ரோமன் எண். அச்சில் தெரியும், வாயால் சொன்னால் தெரியாது. கடையில் வந்து கேட்கும் சிறுவன் எதைக் கேட்கிறான் என்பதை அவன் வயதைப் பார்த்துத்தான் துணிய வேண்டும்.

இனிக் குற்றங்கள். பத்தையும் விரித்தால் அதுவே மிகைபடக் கூறலாகிவிடும் என்பதால் இரண்டோடு நிற்கிறேன். கூறியது கூறலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 2020இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த ஃபிஃபா 21 லெகசி பதிப்பு. அணிப் பட்டியலும் சட்டைகளும் புதியவை, மற்றதெல்லாம் முந்தைய ஆண்டுச் சரக்கு. ஐஜிஎன் தளம் இதற்குத் தக்க முறையில் எதிர்வினை ஆற்றியது: முந்தைய ஆண்டு மதிப்புரையையே மறுபடி போட்டு, பத்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்தது. பழைய மதிப்புரையைப் புதிய நூலுக்குப் பயன்படுத்துவது மதிப்புரையாளர் உலகில் புதிதல்ல. வெளிப்படையாகச் செய்ததுதான் புதிது.

குன்றக் கூறலுக்கு யுபிசாஃப்ட் வெளியிட்ட அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி. பிரெஞ்சுப் புரட்சியில் தலைகள் உருண்டன என்பது வரலாறு. 2014இல் வந்த இந்த கேமில் தலை இருந்தது, முகம்தான் இல்லை. சிலருடைய கணினிகளில் கண்விழியும் பல்வரிசையும் தலைமுடியும் மட்டும் அந்தரத்தில் மிதந்து காதல் வசனம் பேசின. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பிற்சேர்க்கைக் கதை ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. அடுத்த ஆண்டும் வழக்கம்போல் ஒன்று வந்தது. 2016இல்தான் முதன்மை வரிசையை நிறுத்தி நிலத்தைத் தரிசு போட்டார்கள். 2017இல் எகிப்தை வைத்து வந்த ஆரிஜின்ஸ் நல்ல விளைச்சல். இந்த ஓராண்டு ஓய்வு மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தவர்கள் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

குற்றம் கண்டவன் என்ன செய்கிறான்? வைகிறான். கன்ஸ்யூமரிஸ்ட் என்ற அமெரிக்க நுகர்வோர் தளம் நடத்திய வாக்கெடுப்பில், நாட்டிலேயே மிக மோசமான நிறுவனம் என்ற பட்டத்தை 2012இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் பெற்றது. இறுதிச்சுற்றில் அது வென்றது பாங்க் ஆஃப் அமெரிக்காவை. வீட்டுக் கடன் நெருக்கடியில் குடும்பங்கள் வீடிழந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 2013இல் மறுபடி வாக்கெடுப்பு, மறுபடி அதே இருவர் இறுதிச்சுற்றில், மறுபடி அதே வெற்றியாளர். ஆண்டுதோறும் அதையே கொண்டுவருகிறார்கள் என்று வைதவர்கள், அந்த வசையையே இரண்டாம் பதிப்பாக வெளியிட்டது கவனிக்கத்தக்கது.

இவற்றிலிருந்து பெறப்படும் நூற்பா பின்வருமாறு:

வைதலும் வாங்கலும் ஒருவழித் தோன்றும்
எய்திய பதிப்பின் கண்ணே என்ப.

இதற்குச் சான்று, 2009இல் மாடர்ன் வார்ஃபேர் 2 வந்தபோது நடந்தது. கணினியில் ஆடுவோர் தாங்களே சர்வர் நடத்தும் வசதியை ஆக்டிவிஷன் எடுத்துவிட்டது. கொதித்தெழுந்தவர்கள், கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் புறக்கணிப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். கேம் வெளியானதும் அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலை யாரோ படம் பிடித்துப் பரப்பினார். ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவர் அப்போது என்ன ஆடுகிறார் என்பதையும் ஸ்டீம் காட்டும். படத்தில் தெரிந்த புறக்கணிப்பாளர்களில் பெரும்பாலோர் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிக்கொண்டிருந்தார்கள்.

2016இல் அதே கால் ஆஃப் டூட்டி வரிசையின் இன்ஃபினிட் வார்ஃபேர் முன்னோட்டத்துக்கு யூடியூபில் 30 லட்சத்துக்கு மேல் எதிர்ப்பு விரல்கள் விழுந்தன. அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் விற்ற கேமும் அதுதான். வைதவனே வாங்கினான் என்பார் ஒரு சாரார். வைதவன் வேறு, கிறிஸ்துமஸுக்கு மகனுக்காகக் கடையில் அடுக்கிலிருந்து எடுத்துப்போன தகப்பன் வேறு என்பார் மறு சாரார். தகப்பன்மார் முன்னோட்டம் பார்த்து விரல் கீழே காட்டுவதில்லை என்பதால் இரண்டாம் கட்சி வலுவானதே. ஆயினும் ஸ்டீம் படத்தை அக்கட்சியால் விளக்க முடியவில்லை.

விளக்கம் வேறிடத்தில் இருக்கிறது என்பது இவ்வாய்வாளர் துணிபு. கூட்டாக ஆடும் கேமில் ஒருவன் வாங்குவது கேமை அல்ல. நண்பர்கள் நால்வரும் புதிய பதிப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டால் பழையதில் ஆளிருக்காது. கொஞ்ச காலத்தில் அதன் சர்வரையும் நிறுத்திவிடுவார்கள். ஃபிஃபாவின் அல்டிமேட் டீம் என்னும் ஆட்டவகையில் காசு கொட்டிச் சேர்த்த ஆட்டக்காரர்கள் அடுத்த ஆண்டுப் பதிப்புக்குக் கூடவே வருவதில்லை. பிடித்து வாங்கினால் வைய வேண்டியதில்லை. வேறு வழியில்லாமல் வாங்குகிறவனுக்கு வைவது மட்டும்தான் மிச்சம், அதை ஏன் விடுவான்?

நூற்பாவுக்குப் புறனடை ஒன்று உண்டு. 2017இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் இரண்டில் டார்த் வேடரை ஆட 60,000 புள்ளி சேர்க்க வேண்டும், அதற்குச் சுமார் 40 மணி நேரம் ஆகும் என்று ஆடுவோர் கணக்குப் போட்டார்கள். பெருமிதமும் சாதனை உணர்வும் தருவதற்கே இந்த ஏற்பாடு என்று ரெடிட்டில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அளித்த பதில் ஆறரை லட்சத்துக்கு மேல் எதிர் வாக்குகள் பெற்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இந்த முறை வசை வேலை செய்தது: புள்ளி குறைந்தது, வெளியீட்டுக்கு முன்னால் கேமுக்குள் காசு வாங்குவதும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஸ்டார் வார்ஸின் உரிமையாளரான டிஸ்னியின் பெயரும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு துணைக் காரணமாகலாம்.

ஆனால் ஒரு வரிசையை முடக்கியது எது என்று தேடினால், வசை எதுவும் கிடைக்கவில்லை. 2005இல் தொடங்கிய, பிளாஸ்டிக் கிட்டாரைக் கையில் வைத்து ஆடும் கிட்டார் ஹீரோவை ஆக்டிவிஷன் சக்கையாகப் பிழிந்தது. 2009இல் மட்டும் மெட்டாலிகா, ஸ்மாஷ் ஹிட்ஸ், 5, வான் ஹேலன்; போதாதென்று பேண்ட் ஹீரோ, டிஜே ஹீரோ எனச் சார்புநூல்கள். வீட்டில் பிளாஸ்டிக் கிட்டார் குவிந்தவர்கள் கூட்டம் போட்டு வையவில்லை. வாங்காமல் விட்டார்கள். 2011இல் நிறுவனம் அந்தப் பிரிவையே மூடியது.

இதற்கு நேர்மாறாக, பத்தில் அடங்காத பதினோராம் குற்றமாகக் கூறாமையைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. வால்வு நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் 2 தொடரின் இரண்டாம் அத்தியாயம் 2007இல் கதையைப் பாதியில் அறுத்துவிட்டு முடிந்தது, மூன்றாவது வரவில்லை. 2020இல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் பெரும்பாலும் அதற்கு முந்தைய கதை. ஆண்டுதோறும் ஏன் என்று கேட்ட அதே வாய் இங்கே இத்தனை ஆண்டாக ஏன் இல்லை என்று கேட்கிறது.

ராக்ஸ்டாரின் ஜிடிஏ 5 வகைப்பாட்டுக்கே அடங்குவதாயில்லை. 2013இல் பிளேஸ்டேஷன் 3இல் வந்தது, 2014இல் பிளேஸ்டேஷன் 4இல் வந்தது, 2022இல் பிளேஸ்டேஷன் 5இல் வந்தது. புதிய வழிநூல் எழுதாமல் ஒரே நூலையே மூன்று தலைமுறைக்கு விற்று 20 கோடிப் பிரதிகளைத் தாண்டியிருக்கிறார்கள். கூறியது கூறல் என்று இதன்மேல் வழக்குத் தொடுக்க ஆள் தேடினால், ஆன்லைனில் ஒரு வங்கிக் கொள்ளை நடந்துகொண்டிருப்பதாகவும் முடித்துவிட்டு வருவதாகவும் பதில் வருகிறது.