கறிவேப்பிலை அண்ணை

ஸ்காபரோவில் புரட்டாதி பிறந்துவிட்டால் கறிவேப்பிலை அண்ணையின் கைத்தொலைபேசிக்கு ஒரே வேலைதான்: இன்றிரவு எத்தனை பாகை என்று காட்டுவது. 10 பாகைக்குக் கீழே இறங்கினால் செடிக்கு முகம் வாடும். உறைபனி விழுந்தால் அதோடு கதை முடிந்தது. அயலில் உள்ளவர்கள் இன்னும் அரைக் காற்சட்டையோடு புல் வெட்டிக்கொண்டிருக்க, அண்ணை கம்பளித் தொப்பியோடு பின்வளவில் நின்று வானத்தைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

ரொறன்ரோவில் தமிழர் இருக்கிற தெருவெல்லாம் இப்படி ஒருவர் உண்டு. மார்க்கம் நகரில் பெரிய வீடு வாங்கிப் போனவர்களும் வாகனத்தில் முதலில் ஏற்றியது கறிவேப்பிலைச் சாடியைத்தான். எங்கள் அண்ணைக்கு அறுபதை நெருங்கும் வயது. பனி தள்ளக் கூப்பிட்டால் நாரிப்பிடிப்பு. ஆனால் இரண்டு ஆள் தூக்க வேண்டிய சாடியை மண்ணோடு தனியே தூக்கி மூன்று படி ஏறுவார்.

தூக்கினோம், வைத்தோம் என்று இருக்க முடியாது. திடீரென்று வெளிச்சம் குறைந்தால் செடி கோபித்துக்கொண்டு இலையைக் கொட்டிவிடும். அதனால் ஒரு கிழமைக்குப் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்குவார். பிறகு நீராட்டு. அந்தச் சனிக்கிழமை காலை குளியலறை பூட்டிக் கிடக்கும். உள்ளே அண்ணை சவர்க்காரத் தண்ணீரோடு ஒவ்வோர் இலையின் அடிப்பக்கத்தையும் துடைத்துக்கொண்டிருப்பார். சிலந்திப்பேன் குடியிருப்பது அங்கேதான். ஹீற்றரின் உலர்ந்த காற்றும் கிடைத்துவிட்டால் வம்சம் பெருகித் தள்ளும். வேலைக்கு நேரமாகிறது என்று மகன் கதவைத் தட்டினால், "பொறடா, இப்பதான் இவவை முழுக வார்க்கிறன்" என்று பதில் வரும். பெற்ற பிள்ளைகளை அவர் ஒருநாளாவது முழுக வார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

அடுத்தது குடியமர்த்தல். மார்கழியில் பகல் 9 மணித்தியாலம்தான். அந்தச் சொச்ச வெயிலும் தெற்கு யன்னலால்தான் வரும். அங்கே இருந்த சோபா பேஸ்மன்றுக்கு இறங்கும். சூட்டுக்காற்று நேரே பட்டால் இலை கருகும் என்று ஹீற்றர் காற்று வரும் துவாரத்தையும் அட்டை வைத்து அடைத்துவிடுவார். வருகிற விருந்தாளிகள் ஜக்கெற்றைக் கழற்றாமலே தேத்தண்ணி குடிப்பார்கள். வெயில் நாட்டுச் செடிக்காக வெயில் நாட்டு மனிதர் விறைத்துச் சாவது என்ன நியாயம் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் தேத்தண்ணியும் வராது.

வெயில் போதாததற்கு ஊதா வெளிச்சம் அடிக்கும் விளக்கு வேறு. இரவில் தெருவில் போகிறவர்கள் அந்த யன்னலைப் பார்த்து வேறு ஏதோ நினைப்பார்கள். கனடாவில் 2018 ஒக்டோபரில் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் ஒரு வீட்டில் 4 செடி வரை வளர்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணைச் சிமிட்டி, "எத்தனை வைத்திருக்கிறாய்?" என்று விசாரிக்க, அண்ணை நெஞ்சை நிமிர்த்தி, "ஒன்றுதான், ஆனால் ஏழடி" என்றாராம்.

பாவம், அண்ணையின் மனைவி அக்கா. ஏழடி மரம் வீட்டுக்குள் நிற்க, தமிழ்க் கடையில் கறிவேப்பிலைப் பைக்கற் வாங்குகிறார். குளிரில் செடி உறங்கும், புதுத்துளிர் வராது, இருக்கிற இலையையும் பிடுங்கினால் தாங்காது என்பது அண்ணையின் சட்டம். அதில் உண்மையும் இருக்கிறது. கொதிக்கிற எண்ணெய்க்கு அது விளங்குமா? "ஊரில கறிக்குள்ள கிடக்கிறதை எடுத்து எறிவம். இஞ்ச எறிபட்டுக் கிடக்கிறது நான்தான்" என்பார் அக்கா.

கறிவேப்பிலையின் தாவரப் பெயரில் வரும் 'கோனிகி', 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக் என்ற வைத்தியரின் நினைவாக வைத்தது. இதை எங்கோ படித்த நாளிலிருந்து அண்ணையும் வைத்தியராகிவிட்டார். தை, மாசி மாதங்களில் தொலைபேசி ஓயாது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஆட்கள் அவரை மூலைக்குக் கூட்டிப்போய், வாடிய செடியின் படத்தைக் காட்டுவார்கள். பெரும்பாலும் வியாதி ஒன்றுதான்: பாசம் மிகுந்து தண்ணீரை ஊற்றி வேரை அழுகவைப்பது.

போன மாசியில் அப்படி ஒரு வீட்டுக்கு நானும் கூடப் போனேன். செடி கிட்டத்தட்ட வெறுங்குச்சியாக நின்றது. அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகத்தால் தண்டைச் சுரண்டினார். உள்ளே பச்சை.

"உயிர் இருக்கு."

வீட்டுக்காரப் பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தண்ணியைக் குறையுங்கோ, வைகாசி கழியும்வரை வெளியில வைக்காதேங்கோ, என்ன குழம்பெண்டாலும் ஒரு இலை கிள்ளப்படாது என்று கட்டளைகள் வரிசையாக வந்தன. றோல்ஸும் வந்தது. எழும்பிப் போகிற நேரம் அண்ணைக்கு மனம் கேட்கவில்லை. திரும்பி வந்து, உச்சியில் கைவைத்துக் கிள்ளி, விரலிடையில் கசக்கி, கண்ணை மூடி முகர்ந்தார்.

"நல்ல வாசம். பிழைச்சிடும் பிள்ளை, பயப்பிடாதேங்கோ."

"அண்ணை, மிஞ்சிக் கிடந்ததே அந்த ஒரு இலைதான்."