மலையேறிகளும் வாளி தூக்கியவர்களும்

மலையேறக் கூட்டிப்போகிறவர்களுக்குச் சமூக சேவை எதற்கு? — ராயபுரம் வாசகர்

சென்னை ட்ரெக்கிங் கிளப்பை 2008-இல் தொடங்கிய பீட்டர் வான் கெய்ட் பெல்ஜியத்துக்காரர். அந்த நாட்டின் உச்சியே 694 மீட்டர்தான். நம் ஏற்காடு அதைப்போல் இரண்டு மடங்கு! வேலைக்காகச் சென்னை வந்தவர் மலையையும் பார்த்தார், கடற்கரைக் குப்பையையும் பார்த்தார். இரண்டுக்கும் ஆள் திரட்டினார்.

அப்படிப்பட்ட தலைவருக்கு முதல் தகுதி?

“போதும், திரும்பலாம்” என்று சொல்லும் துணிச்சல். 2018 மார்ச் 11-இல் குரங்கணிக் காட்டுத்தீ, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. நல்ல மனசு தீயை அணைக்காது. காட்டின் வறட்சி, காற்றின் போக்கு, தப்பிக்கும் வழி எல்லாம் தெரிந்த பிறகுதான் முதல் அடி.

எங்கள் எண்ணூரில் மலையே இல்லை. சாகசத்துக்கு எங்கே போவது?

அனல்மின் நிலையச் சாம்பல் மேட்டை விட்டுவிட்டீர்களே! சாகசத்துக்கு உங்கள் கரையே போதும். 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் பாறை இடுக்குகளில் அல்வா போல அப்பிக்கிடந்த கறுப்பு எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் பக்கெட் பக்கெட்டாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் படகில் போய் அள்ளியவர்கள் மீனவர்களே.

மலையேறிகளா, வாளி தூக்கியவர்களா? உங்கள் ஓட்டு யாருக்கு?

2015 சென்னை வெள்ளத்தில் கடலில் ஓட்டும் படகைத் தெருவுக்குள் ஓட்டி வந்தார்களே, அந்த மீனவர்களுக்கு.