கிட்டாருக்கும் வாஸ்து உண்டு

அந்தமானின் ஜங்லிகாட்டில், தகரக் கூரை போட்ட மர வீட்டின் மாடியில் குடியிருந்துகொண்டு, எலக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்ய நினைப்பவன் முதலில் மழையிடம் அனுமதி வாங்க வேண்டும். மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை லேசில் விடாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். அத்தனையும் எங்கள் தகரத்தின் மேல்தான் விழுகிறது என்பது என் கணிப்பு. மைக் பாரபட்சம் பார்க்காது. கிட்டார், மழை, பக்கத்து வீட்டுச் சேவல், ஹாடோ பக்கம் கப்பல் ஊதும் சத்தம் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொள்ளும்.

அதனால் ஆம்ப்ளிஃபயரும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். கிட்டார் வயரை ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, அங்கிருந்து கம்ப்யூட்டர், காதில் ஹெட்ஃபோன். இது பஞ்சத்துக்குச் செய்கிற வேலை என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. 1968-இல் பீட்டில்ஸ் குழு ‘ரெவல்யூஷன்’ பாட்டின் கரகர கிட்டாரை மிக்சிங் மேஜையில் நேராகச் செருகித்தான் பதிவு செய்தது. அவர்களுக்குத் தகரக் கூரைத் தொல்லைகூட இல்லை.

நேராகச் செருகுவதில் ஒரு வில்லங்கம். ஓவர்டிரைவ் போட்டால், டப்பாவுக்குள் அடைத்த வண்டு மாதிரி கிட்டார் ரீங்கரிக்கும். கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் 12 அங்குல ஸ்பீக்கர் சத்தம் எழுப்புவதோடு நிற்பதில்லை. 5000 ஹெர்ட்சுக்கு மேலே உள்ள கீச்சுகளைப் பெரும்பாலும் விழுங்கியும் விடுகிறது. அந்தப் புண்ணியத்தை இப்போது ஒரு சின்னக் கோப்பு கட்டிக்கொள்கிறது. ஒரு நல்ல ஸ்பீக்கர் பெட்டியின் முன் மைக் வைத்து, அதன் குணத்தை அளந்தெடுத்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். பெட்டியே வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து சுமார் மூன்று நாள் கப்பலில் ஆடி ஆடி வர வேண்டும். கோப்போ, 2020-இல் சென்னையிலிருந்து போட்ட கடலடி கேபிளில் காப்பி ஆறுவதற்குள் வந்து இறங்கிவிடுகிறது.

மிச்சம் கரண்ட். சிங்கிள் காயில் பிக்கப், வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’மைப் பிடித்துக்கொண்டு விடாது. ஆனால் கிட்டாரோடு நாம் திரும்பத் திரும்ப அது ஏறி இறங்கும்; ஏதோ ஒரு திசையில் பெட்டிப் பாம்பாய் அடங்கும். எங்கள் வீட்டில் அந்தச் சுபதிசை பாத்ரூம் கதவைப் பார்த்து அமைந்துவிட்டது. கதவைத் திறந்து வெளியே வருகிறவர்களுக்கு, கண்ணை மூடி சோலோ வாசித்தபடி நான் தரிசனம் தருகிறேன். வந்திருந்த மாமனார் உள்ளேயே வெகு நேரம் காத்திருந்தார். கச்சேரிக்கு நடுவில் எழுந்து போகக் கூடாது என்று வளர்ந்த மனிதர்.

ஹெட்ஃபோன் போட்டவனுக்குத் தன் சத்தம் தெரியாது. வெளியே கிட்டார் வெறும் ‘டிங் டிங்’தான், தாளம் போடும் கால் அப்படியில்லை. தரை பழைய படாக் பலகை. அந்தக் காலத்துச் சரக்கு, குதிகால் பட்டாலே பேசும்.

கீழ் வீட்டு அக்கா மாடிப்படியில் என் மனைவியை நிறுத்தினார். “ராத்திரியெல்லாம் மிஷின் மிதிக்கிற சத்தம் கேக்குதே, தையல் ஆரம்பிச்சிருக்கியா? ஒரு வார்த்தை சொல்லலையே!” கையில் இரண்டு ஜாக்கெட் துணி, அளவு ஜாக்கெட் ஒன்று.

அவள் வாங்கி வைத்துவிட்டாள். தீபாவளிக்கு முன்னால் வேண்டுமாம்.