மாமாவின் புல்லட்டும் மருமகனின் ஏபிஎஸ்ஸும்

மாமாவின் புல்லட்டில் அசந்து உட்கார்ந்து ஓட்ட வழியே கிடையாது. வண்டி விடாது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். கிளப்புவதற்கே ஒரு பூஜை உண்டு. சாவியைப் போட்டு, ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல மிதிப்பார். முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஷர் லிவரை அழுத்தி, கிக்கரை இன்னும் இம்மியளவு இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு ஒரே உதை. கணக்கு பிசகினால் கிக்கர் திருப்பி உதைக்கும். அதற்குச் சின்னவர் பெரியவர் பேதமில்லை. இத்தனை பாடுபட்டு எழுப்பிய வண்டியில் ஏறியவருக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

1980களின் நடுவில் ஆர்எக்ஸ் 100, சிடி 100 என்று ஜப்பான் சம்பந்தமுள்ள வண்டிகள் வந்தன. கியர் இடது காலுக்குப் போய்விட்டது. எங்கள் தெருவில் ஒருவர் புல்லட்டை விற்றுவிட்டு அதில் ஒன்றை வாங்கினார். மனசு மாறிவிட்டது, கால் மாறவில்லை. கியர் மாற்ற நினைத்து வலது காலை அழுத்துவார். நடு ரோட்டில் வண்டி நட்டுக்கொண்டு நிற்கும். பின்னால் இருக்கும் அவர் மனைவி, வீட்டுக்கு வந்து இறங்கியதும் முதல் காரியமாக மூக்கைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

மாமாவிடம் சாலைக்கென்று தனி வேதம் இருந்தது. "மாட்டுக்குப் பின்னால போ மாப்ளே, அதுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. ஆடு ஒண்ணு தாண்டிச்சுன்னா மந்தையே தாண்டும்னு நின்னுடு. கோழியை மட்டும் நம்பாத, பாதி ரோட்டுல மனசு மாறிடும்." தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் அறுவடைக் காலத்தில் பாதி ரோடு நெற்களம். காயும் நெல்லின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும் என்பதால், நெல் கண்ணில் பட்டதுமே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் மேல் போகும்போது பிரேக்கைத் தொடவே மாட்டார். இரவில் எதிரே மங்கலாய் ஏதாவது ஆடினால் அது மாட்டு வண்டிக்கு அடியில் தொங்கும் அரிக்கேன் விளக்கு என்று அவருக்குத் தெரியும். பெட்ரோல் தீர்ந்து வண்டி திணறினால், பார்வை ரோட்டை விட்டு விலகாமலேயே இடது கை டாங்குக்கு அடியில் போய் ரிசர்வைத் திருப்பிவிடும்.

அதற்காக அவரை ரிஷியாக்கிவிட வேண்டாம். "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிடும்" என்பதும் அதே வேதத்தில்தான் இருந்தது. வண்டியை நிறுத்தும்போது பாரம் முன்பக்கம் போகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. முன் பிரேக்கைப் பதறாமல், படிப்படியாக அழுத்திப் பழகியிருந்தால் எத்தனையோ முழங்கால்கள் தப்பித்திருக்கும். ஹெல்மெட்டா? தலையில் துண்டு, டாங்கின் மேல் குழந்தை, பின்னால் அத்தை, அத்தை மடியில் இன்னொரு குழந்தை. போதாக்குறைக்குக் கல்யாணச் சீர் வரிசைப் பாத்திரம்.

அவர் அசந்தாலும் தெரு அசராது. சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பினால் டீக்கடையிலிருந்து ஒரு குரல், எதிரே வரும் சைக்கிளிலிருந்து ஒரு குரல்: "ஸ்டாண்டு, ஸ்டாண்டு!" சேலைத் தலைப்பு சக்கரத்துப் பக்கம் பறந்தால் பஸ்ஸிலிருந்தே தலையை நீட்டிக் கத்துவார்கள். பகலில் விளக்கு எரிந்தால் எதிரே வருபவர்கள் விரல்களை மூடி மூடித் திறந்து காட்டுவார்கள். முன்பின் தெரியாத ஊர் முழுக்க நமக்காகக் கண் விழித்துக் கிடந்தது.

இப்போது அந்த வேலைகளை வண்டியே எடுத்துக்கொண்டது. 2017 ஏப்ரலிலிருந்து வரும் வண்டிகளில் முகப்பு விளக்கு பகலிலும் அணையாது. என் வயதுக்காரர்கள் சிலர் இன்னும் விரலை மூடித் திறந்து காட்டுகிறார்கள். பையன்கள் அதை வணக்கம் என்று நினைத்துக் கையாட்டிவிட்டுப் போகிறார்கள். ஸ்டாண்டு போட்டிருந்தால் புது வண்டிகள் பலவும் கிளம்புவதில்லை. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 முதல் ஏபிஎஸ் கட்டாயம். எவ்வளவு பதறிப் பிடித்தாலும் ஏபிஎஸ் உள்ள சக்கரம் பூட்டிக்கொள்ளாது.

இப்போது நான் மாமா. தங்கை மகன் புது வண்டி வாங்கியிருக்கிறான். மாட்டைப் பற்றி ஆரம்பித்தேன். "அதெல்லாம் எதுக்கு மாமா? இதுல டூயல் சேனல் ஏபிஎஸ் இருக்கு" என்றான். கைப்பிடிக்கு நடுவே போன், அதில் மேப், மேப்பின் மேல் வாட்ஸப் வந்து வந்து விழுகிறது. அப்போது ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்தோம், வண்டி கிளம்பும்வரை. இவன் போனைப் பார்ப்பது கிளம்பிய பிறகு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. இரண்டு நொடி குனிந்து நிமிர்வதற்குள் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். பிரேக்கைப் பிடித்த பிறகுதான் ஏபிஎஸ்ஸுக்கு வேலை. மாட்டைப் பார்க்கும் வேலை இன்னும் அவனுடையதுதான்.

2015 ஜூலையில் நீதிமன்ற உத்தரவால் ஹெல்மெட் தலைக்கு ஏறியது, நல்லது. ஆனால் அதற்கும் காதுக்கும் இடையே போனைச் செருகினால் கச்சிதமாக நிற்கும் என்பதை நம்மவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். உயிர் காக்க வந்த பொருள் ஸ்பீக்கர் ஸ்டாண்டாகிவிட்டது.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இத்தனைக்கும் வண்டிகள் முன்னெப்போதையும்விட நன்றாகத்தான் இருக்கின்றன.

டீக்கடைக்காரர்களே, சைக்கிள்காரர்களே, பஸ் ஜன்னலோரப் பெரியவர்களே, ஸ்டாண்டுக்குக் கத்திய தொண்டை சும்மாதானே இருக்கிறது? கழுத்தைச் சாய்த்துப் பேசிக்கொண்டு யாராவது போனால் கொஞ்சம் கத்துங்கள்: "தம்பி, போனு, போனு!"